சந்தேகம் சார்

இணையத்தில் பாடம் நடத்த வேண்டும் என்றால் முதலில் சுவரோடு பேசிப் பழக வேண்டும். பிரெஞ்சு டீச்சருக்கு அந்தப் பழக்கம் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை மிரட்டியும் கொஞ்சியும் மேய்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதும், இணையத்தில் பெரியவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, துணி காயும் அறையில் கொடிக்கு முன்னால் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பிடம் பேச ஆரம்பித்தாள். எதிரே வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். "புரியுதா?" என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். மைக்கைப் போடச் சொன்னால் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கும். போகப் போகக் கட்டங்களும் குறைந்து, வகுப்பு காற்று வாங்கியது.

நமக்கு இது வராது, விட்டுவிடலாம் என்று அவள் முடிவு கட்டியிருந்தபோதுதான் அவர் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். பாதி நெற்றியும் பின்னால் கோணலாகத் தொங்கும் காலண்டரும் மட்டும் தெரிகிற மாதிரி கேமராவை வைத்துக்கொண்டு, முதல் நாளே கையைத் தூக்கினார்.

"டீச்சரம்மா, ஒரு சின்ன சந்தேகம். மேசையைப் போய் பொம்பளைங்கிறாங்களே இந்த பிரெஞ்சுக்காரங்க, அது பாவம் என்ன பண்ணுச்சு?"

பிரெஞ்சில் மேசை பெண்பால். கறுப்புக் கட்டங்களுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே ஆட்கள் கேமராவைத் திறந்தார்கள். தினம் ஒரு சந்தேகம் கேட்டதில், சந்தேகம் சார் என்றே வகுப்பில் பெயர் நிலைத்துவிட்டது. அதுவரை வாயே திறக்காத ஒரு நர்ஸ் அவருக்கு வாத்தியாராகவே ஆகிவிட்டாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காகத் தேர்வு எழுத வேண்டியவள். டூட்டி முடிந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி போனில் படிப்பவள். "சார், அப்படி இல்ல, நான் சொல்றேன் கேளுங்க" என்று அவருக்கு விளக்கி விளக்கியே அவளுக்குப் பாடம் ஏறியது.

சார் பிரெஞ்சு படிப்பது பேத்திக்காக. "அதுக்குத் தமிழ் வராது, எனக்கு அது பேசுறது வராது. போன்ல ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வச்சிருவோம்" என்றார் ஒரு நாள். டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு மட்டும் தனியாக, சும்மாவே, பாடம் எடுத்தாள். அவளே பேத்தியாகிக் குரலை மாற்றிக்கொண்டு, "தாத்தா, கதை சொல்லு" என்று பிரெஞ்சில் கொஞ்சினாள். "உன் சந்தேகம் சார் வந்தாச்சா? இனிமே எனக்குக் காபி கிடைச்ச மாதிரிதான்" என்று புருஷன் அடுத்த அறையிலிருந்து கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிறு, சார் ஒரு முயல் கதையைத் தப்பும் தவறுமாகக் கடைசிவரை சொல்லி முடித்தார். முடித்ததும் அழுதார். அவளும் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவள், "எனக்குச் சொல்லிக்குடுக்க வருதுங்க" என்றாள். பள்ளி மூடிய பிறகு அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

போன வாரம், காலை வகுப்பு எடுப்பவளுக்குக் காய்ச்சல். மறுநாள் அந்த வகுப்பை நீ பார்த்துக்கொள் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதால், அவர்கள் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று பார்க்க அந்த வகுப்பின் வீடியோ பதிவைப் போட்டாள். ஒரே ஒரு நாள் நடந்திருந்த புத்தம் புதிய வகுப்பு. மூலையில் ஒரு பாதி நெற்றி. பின்னால் கோணல் காலண்டர். கீழே வேறு பெயர்.

"டீச்சரம்மா, ஒரு சின்ன சந்தேகம். மேசையைப் போய் பொம்பளைங்கிறாங்களே..."

அந்த வகுப்பும் சிரித்தது. அங்கே அவருக்குப் பேத்தி இல்லை. சம்பந்தி வீட்டார் பிரெஞ்சு பேசுகிறார்களாம், அவர்கள் முன்னால் தலைகுனிவாக இருக்கிறதாம். முயல் கதை சொன்ன மனிதர் தன் பெயரைச் சொல்வதற்கே திக்கித் திணறினார். டீச்சர் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். உடனே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் வேறு யாரும் இல்லை, பழைய பள்ளிக்கூடத்தில் இவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். பூசி மெழுகுவாள் என்று நினைத்தால், அதுகூடச் செய்யவில்லை.

"எல்லா கிளாஸ்லயும் படிக்க வந்தவர் மாதிரி ஒருத்தரைப் போட்டிருக்கோம்டி. ஒருத்தர் பேசினாத்தான் மத்தவங்க பேசுறாங்க. அவர் ரிட்டயர்டு மொழிபெயர்ப்பாளர். உன் கிளாஸை மூடச் சொன்னாங்க. உனக்காகத்தான் ஆளை அனுப்பினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உனக்கு இந்த மாதிரி பாடம் நடத்த வந்திருக்குமா?"

டீச்சர் போனை வைத்தாள். தோழி கேட்டதில் நியாயம் இருந்ததுதான் இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சார் வழக்கம்போல வந்து, வழக்கமான தப்போடு வணக்கம் சொன்னார். டீச்சர் வேகத்தைக் குறைக்காமல் பிரெஞ்சில் கேட்டாள்: உங்களுக்குப் பேத்தி உண்டா, இல்லையா?

அவர் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். இல்லை என்றார். மன்னிக்கச் சொன்னார். ஒரு தவறு இல்லை. அவள் உச்சரிப்பைவிட அவருடையது சுத்தமாக இருந்தது. இத்தனை நாள் இந்த வாய்க்கா எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தோம் என்று அவளுக்குக் கூசியது.

"அன்னைக்கு அழுதீங்களே, அதுவும் வேலைதானா?" என்று தமிழில் கேட்டாள்.

"அதைக் கேக்காதீங்கம்மா" என்றார் அவர்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் விசாரிக்கவில்லை. எது சொன்னாலும் நம்பப்போவதில்லை. இனி இந்த வகுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். தான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் என்று நினைத்தவருக்கு, எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது. அன்று காபி போட்டது புருஷன்தான். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மறுநாள் மாலை வகுப்பு. மூலைக் கட்டம் இல்லை. முதலில் கவனித்தவள் நர்ஸ்தான்.

"சந்தேகம் சார் எங்க டீச்சர்? உடம்பு கிடம்பு சரியில்லையா? அவர் நம்பர் குடுங்களேன். கதை சொல்றப்ப இன்னும் இறந்தகாலத்துல தடுமாறுறாரு. பஸ் வர்ற வரைக்கும் நான் சொல்லிக்குடுப்பேன்."

சொல்லிவிடுவது என்றுதான் டீச்சர் வாயைத் திறந்தாள். பஸ் நிறுத்தத்தின் மங்கலான வெளிச்சத்தில் அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே வர மாட்டாரும்மா. அவருக்கு நல்லா வந்துருச்சு. பேத்தியோட பேசுறாராம்."

நர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ எனக்குச் சொல்லிக்குடுக்க வருது, இல்லையா டீச்சர்?"

தோழி மேல் இருந்த கோபம் துளியும் ஆறவில்லை. ஆனால் இந்தப் பொய்யில் இப்போது தானும் கூட்டு என்று டீச்சருக்குத் தெரிந்தது.

"வருதும்மா" என்றாள்.