யாகப்பர் பூ

யேர்மனியின் ஹம் நகருக்கு வெளியே இருந்த குதிரை லாயத்தில் பத்து வருடமாய் சிறீதரன்தான் மேற்பார்வை. 2007இல் அங்கே ஒரேயொரு நிரந்தர வேலை காலியானது. அதை மச்சான் சஞ்சயனுக்கு எடுத்துத் தருவதாக மனைவியிடம் வீறாப்பாய்ச் சொல்லிவிட்டான். ஆனால் மன்னாரிலிருந்து வந்த அலோசியஸ் மூன்று மாதம் மாடாய் உழைத்து முதலாளியம்மாவின் மனதைப் பிடித்துவிட்டானே! புல்வெளியிலுள்ள நச்சுப்பூவைச் சரியாகப் பிடுங்கி முடித்தால் வேலை அவனுக்குத்தான் என்றாள் அவள். அந்த வேலை கிடைத்தால்தான் அவன் மனைவியையும் மகளையும் யுத்தத்துக்குள்ளிருந்து எடுப்பிக்கலாம்.

அந்த மண்ணில் தானாக முளைக்கும் மஞ்சள் பூக்கள் இரண்டு. ஒன்றுக்குப் புனித யாகப்பர் பெயர், மற்றதற்குப் புனித அருளப்பர் பெயர். யாகப்பர் பூதான் நஞ்சு. காய்ந்த புல்லோடு கலந்தால் குதிரையின் ஈரல் போய்விடும். முதலாளியம்மா விளக்கியபோது அலோசியஸ் நம்மவர்கள் செய்வதைத்தான் செய்தான். பாதி விளங்காமலே "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, தமிழில் கேட்க ஓடிவந்தான்.

"சிறீதரன் அண்ணை, இதிலை எது நஞ்சு?"

பாவி, வாய் கூசவில்லை. அருளப்பர் பூவின் மொட்டொன்றைக் கிள்ளி அலோசியஸின் விரலில் தேய்த்தான். விரல் சிவந்தது.

"பாரும், ரத்தம் மாதிரி. இதுதான் நஞ்சு. மற்றது யாகப்பரின்ரை. உங்கடை கோயில் யாகப்பர் குதிரையைக் கொல்லுவாரே?"

"சீ, அவர் கொல்லமாட்டார்," என்று அலோசியஸ் சிரித்தான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

இரண்டு நாள் முதுகொடிய நல்ல பூவையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவித்தான். நச்சுப்பூ ஒன்று குறையாமல் நின்றது. வந்து பார்த்த முதலாளியம்மா கொதித்துப்போனாள். இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்கும்படி சிறீதரனை ஏவினாள்.

சிறீதரன் அலோசியஸின் பக்கம் திரும்பினான். "ஆர் சொன்னது எண்டு கேக்கிறா."

அலோசியஸ் அவன் முகத்தையே பார்த்தான். "நீங்களும் தெரியாமல்தானே சொன்னியள் அண்ணை. உங்கடை பேர் வேண்டாம். நான்தான் பிழையா விளங்கிட்டன், இன்னொருக்கா வடிவாச் செய்யிறன் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை அங்கை குண்டுக்குப் பயந்து பங்கருக்கை கிடக்கு."

சிறீதரன் முதலாளியம்மாவிடம் யேர்மன் மொழியில் சொன்னான்: "குதிரை செத்தால் தனக்கென்ன என்கிறான்."

அவள் அலோசியஸை ஒருமுறை வெறித்துப் பார்த்தாள். "துரத்து" என்று யேர்மனில் ஒரே சொல் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"என்னவாம் அண்ணை? மனமிரங்கினாவே?"

"ஓம். நீர் இப்ப வீட்டை போம். வேலைக் கடிதம் தபாலிலை வருமாம்."

அலோசியஸ் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.