பின்வரிசையில் யாரும் ஓடவில்லை

டோக்கியோவில் நாடாளுமன்றக் கட்டடம் முழுவதும் மணி அலறியது. பட்ஜெட் குழு கூட இன்னும் ஐந்தே நிமிடம். சிசுரு மூச்சிரைக்கப் படியேறி வந்து, எதிர்க்கட்சி எம்.பி. இகராஷியின் கையில் ஒற்றைத் தாளைத் திணித்தாள்.

"சென்செய், நேத்து பேசினோமே, அந்த நாலாவது கேள்வி. டைப் பண்ணிட்டேன். இதை மட்டும் துறைக்கு அனுப்பல."

"அட, நீ சிரிப்பியா? ஒன்பது வருஷமா எங்கிட்ட செயலாளரா இருக்க, இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!" என்றபடி, 'சென்செய்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் அந்த எம்.பி. உள்ளே போனார்.

அமைச்சரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை இரண்டு நாள் முன்பே துறைக்குச் சொல்லிவிட வேண்டும். சட்டம் அல்ல, மரியாதை. அதிகாரிகள் வந்து கேள்விகளை வாங்கிப்போய்ப் பதில் எழுதுவார்கள். அமைச்சர் வண்ணச் சீட்டு ஒட்டிய கோப்பைப் பிரித்து வாசிப்பார். சொல்லாத கேள்வி வந்தால்தான் வேடிக்கை. அமைச்சர் திருதிருவென்று விழிப்பார், பின்வரிசை அதிகாரிகள் குறிப்புச் சீட்டோடு ஓடிவருவார்கள்.

அந்த ஓட்டத்தைப் பார்க்க, நாகிசவா என்ற கடலோர ஊரிலிருந்து பதினோரு அம்மாக்கள் முதல் ரயில் பிடித்து வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை இடித்துவிட்டு, அங்கே நாற்பது மாடிக் கட்டடம் எழுப்பப்போகிறார்கள். நவம்பரில் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். எண்ணூறு பேர் 'வேண்டாம்' என்று கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, அந்தப் பள்ளிக் கூரையைச் சரிசெய்யும் பணம் கல்வி பட்ஜெட்டில் 'மூடும் செலவு' என்று மாறியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தோண்டி எடுத்தவள் சிசுரு. "டிவிக்குக் குடுக்காதீங்க, அமைச்சர் உஷாராயிடுவார். சென்செய் நேருக்கு நேர் கேட்கட்டும்," என்று அம்மாக்களைத் தடுத்தவளும் அவள்தான். கல்வி அமைச்சர் இன்று தடுமாறினால் பள்ளி பிழைக்கும்.

முதல் மூன்று கேள்விகள் வழக்கம்போலப் போயின. பிறகு இகராஷி மேஜையைத் தட்டினார்.

"நவம்பர்ல கருத்துக் கேட்டீங்க. ஆகஸ்ட்லயே பள்ளிய மூடப் பணம் ஒதுக்கியாச்சு! அப்ப எதுக்கய்யா இந்த நாடகம்?"

"நீ ஆடாத நாடகமா!" என்று ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

சிசுரு பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவரும் அசையவில்லை. ஓர் அதிகாரி கொட்டாவி விட்டார்.

அமைச்சர் நிதானமாக இளஞ்சிவப்புச் சீட்டு ஒட்டிய பக்கத்தைப் பிரித்தார். "ஆகஸ்டில் குறித்தது முடிவல்ல, முன்கூட்டிய மதிப்பீடு மட்டுமே. பெற்றோருக்கு ஏற்பட்ட கவலைக்கு மனமார வருந்துகிறேன்."

மதிப்பீடு என்றால் ஏன் ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும்? அடுத்து அதைக் கேட்க வேண்டும். இகராஷியின் நேரத்தில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது.

"தெளிவான விளக்கம். நன்றி," என்று இகராஷி உட்கார்ந்துவிட்டார்.

நடைவழியில் அம்மாக்கள் குளிர்கோட்டுகூடப் போடாமல் நின்றார்கள்.

"அவ்வளவுதானா? முடிஞ்சுதா?" என்றாள் ஒருத்தி.

பெற்றோர் சங்கத் தலைவி கயோகோ நேராக சிசுருவிடம் வந்தாள். "டிவிக்காரன் கேமராவோட எங்க வாசல்ல வந்து நின்னான், சிசுருசான். நீங்கதான் வேணாம்னீங்க."

"கயோகோசான், சத்தியமா நான் யாருக்கும்…"

"எங்க ஊர் மீன்காரர் வலை வீசப்போற நேரத்தை மீனுக்குச் சொல்லிட்டுப் போறதில்லை. நீங்க டோக்கியோக்காரங்க, பண்பானவங்க!"

பதினோரு பேரும் அவளுக்கு ஆழமாகக் குனிந்து வணங்கினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

லிஃப்ட் கதவு மூடும் தறுவாயில் சிசுரு உள்ளே பாய்ந்தாள். இகராஷி டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"சென்செய், யாரோ கேள்வியைச் சொல்லிட்டாங்க. பதில் தயாரா இருந்துச்சு, பார்த்தீங்கல்ல? யாருன்னு கண்டுபிடிக்காம நான் விடப்போறதில்ல."

"எதுக்கு வீணா அலையற?" என்று அவர் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். "முதல்ல வெறும் 'வருந்துகிறேன்'னுதான் எழுதியிருந்தாங்க. 'மனமார'ன்னு சேருங்கய்யா, பாவம் அந்தப் பொம்பளைங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்கன்னு நான்தான் போன்ல சொன்னேன்."