சின்ன ர, பெரிய ற

1

இந்தக் கதையை எழுத எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. பழைய புத்தகக் கடைக்காரர் நாலு வரி கேட்டார், அவ்வளவுதான்.

"யாரு வச்சிருந்தது, எப்படி வச்சிருந்தாருன்னு நாலு வரி எழுதிக் குடுங்க பெரியவரே. வாங்குறவங்க கேப்பாங்க. அப்புறம் இந்தப் பென்சில் கிறுக்கலையெல்லாம் ரப்பர் வச்சு அழிச்சிடுங்க. வியாழக்கிழமை வண்டியோட வர்றேன்."

செத்துப்போன என் தம்பி சேர்த்து வைத்த மாத இதழ்கள். தூர தேசத்து ரேடியோ நிலையங்களை வீட்டிலிருந்தே பிடித்துக் கேட்கிற பைத்தியங்களுக்கென்று வருவது. முப்பத்தொரு வருஷம், ஒரு மாதம் விடாமல். அவன் ஒண்டிக்கட்டை. அறையில் கட்டில் போக மிச்சமெல்லாம் இதழ்தான்.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். படிப்பு அஞ்சாவது. (இதில் உள்ள தப்புகளை அச்சடிப்பவர் திருத்தியிருப்பார். ஒரே ஒரு எழுத்தைத் தொட்டால் மட்டும் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

முதல் வரி எழுதிக் காட்டினேன்:

என் தம்பி போன மாதம் இரந்தான்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சின்ன ர போட்டா பிச்சை கேட்டான்னு அர்த்தம். பெரிய ற போட்டாத்தான் செத்தாரு. இப்ப உங்க தம்பி தெருவுல கையேந்திக்கிட்டு நிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

தம்பிக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். இதழில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு, மேலே சரியானதை எழுதுவான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் திருத்திவிட்டுத்தான் வாழ்த்துவான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரி போனாள். வேறு ஊரில் இருந்த அவனுக்குக் கடுதாசி போட்டேன்: 'உன் அண்ணி இரந்துவிட்டாள்.' ஒரு வாரத்தில் என் கடுதாசியே எனக்குத் திரும்பி வந்தது. ர-வைச் சுற்றி வட்டம். மேலே ற. வேறு ஒரு சொல் இல்லை.

துக்கத்துக்கு வராதவன் எழுத்துக்கு வந்தான்.

அதோடு சரி. அப்புறம் அவன் போட்ட கடுதாசிகளையெல்லாம் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் எதைத் திருத்தப் போகிறானோ, யார் கண்டது.

(இங்கே ஒரு சந்தேகம். இந்தக் கதையில் வருகிற தம்பி என் கோபம் செய்து வைத்த ஆள். நிஜத்தில் அவன் சின்ன வயசில் என் முதுகில் ஏறிக்கொண்டு —

வேண்டாம். நாலு வரியில் அடங்காது.)

3

திங்கட்கிழமை காலையில் அவன் ஊருக்குப் போய், அவன் அறையிலேயே அழிக்க உட்கார்ந்தேன். அவன் அழுத்தி எழுத மாட்டான். ரப்பர் பட்டதும் போய்விடுகிறது. மதியத்துக்குள் இரண்டு வருஷத்தை அழித்துவிட்டேன்.

பிறகு புதுத்தாளில் பேனாவால், கடைக்காரர் சொன்ன மாதிரியே பெரிய ற போட்டு எழுதினேன்:

என் தம்பி போன மாதம் இறந்தான்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். வந்து பிரித்தால் ற-வைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். மேலே சின்ன ர.

தாள் என் பையை விட்டு இறங்கவே இல்லை. அறைக்கும் ஒரே சாவி, அது என் இடுப்பில். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏன்யா, என் பையில கைய விட்டியா?"

"நான் அந்தப் பக்கமே வரலியே. வெயில்ல சுத்தாதீங்க பெரியவரே."

(உங்கள் மேலும் சந்தேகம் வந்தது. படிக்கிறவர்களுக்குத் திருத்துகிற புத்தி உண்டு.)

அறையைக் குடைந்து தேடியதில் ஒரு துண்டுப் பென்சில் கிடைத்தது. சாக்கடையில் வீசினேன். வட்டத்தை அழித்தேன். முகம் கழுவிவிட்டு வந்தால் மறுபடி வட்டம். அழித்தேன். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கறுப்பாக. கடைசியில் தாள் கிழிகிற அளவுக்கு. அழுத்தி எழுதாதவன் அழுத்தி எழுதினான்.

ஒன்று எனக்குத் தெரியும். அவன் சரியானதைத் தப்பாக்குகிற ஆள் இல்லை. அப்படியானால் சின்ன ர-தான் சரியா?

பிச்சை கேட்டானா? யாரிடம்?

4

புதன்கிழமை கடைசி ஒன்பது வருஷத்து இதழ்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உறை. அவன் கையெழுத்தில் என் விலாசம். குறுக்கே தபால்காரரின் எழுத்து: 'வாங்க மறுத்துவிட்டார்.' மாதத்துக்கு ஒன்று. எல்லாம் ஒட்டினபடியே இருந்தன. திரும்பி வந்ததை அவனும் பிரிக்கவில்லை.

கடைசி உறை போன மாதத்தது. எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. என் விலாசத்தில் தெரு என்பதை அவன் 'தெறு' என்று எழுதியிருந்தான்.

அவன். பெரிய ற போட்டு.

அதை வட்டம் போட்டுத் திருத்த யாரும் இல்லை. என் கை ரப்பரைத் தேடியது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

5

கதைக்கு முடிவு வேண்டுமாம், அச்சடிப்பவர் சொல்கிறார். யோசித்துப் பார்த்தேன்.

ஒரு முடிவில் நான் உறைகளைப் பிரித்துப் படித்து அழுகிறேன். உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு அந்தக் கிழவன் மேல் நம்பிக்கை இல்லை. இன்னொன்றில் உறையோடு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன், எவனோ படிக்கிறான். அதை எழுத ஆரம்பித்தேன், பேனா —

வியாழக்கிழமை கடைக்காரர் வந்தார்.

"அழிச்சாச்சா?"

"ரெண்டு வருஷம் அழிச்சேன். மிச்சத்துல கிறுக்கல் இருக்கும். வேணும்னா எடு, இல்லாட்டி போ. கடைசி ஒன்பது வருஷம் குடுக்க மாட்டேன்."

"செட்டு உடைஞ்சா யாரு வாங்குவா?"

"உடைஞ்சு ஒன்பது வருஷமாச்சுய்யா."

ஏற்றிக்கொண்டு போனார். அழித்த அந்த இரண்டு வருஷமும் போனது. நாலு வரியைக் கேட்க மறந்துவிட்டார். அதனால் உங்களிடம் கொடுக்கிறேன்.

உறைகள் என் மடியில் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்தால் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். பிரித்தேனா என்று கேட்காதீர்கள். நீங்கள் யார், என்ன என்று எனக்குத் தெரியாது.

வட்டத்தை மட்டும் நானே போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். கையில் பென்சில் இருந்தால் நீங்கள் போடுங்கள். லேசாகப் போடுங்கள்.

என் தம்பி போன மாதம் இ(   )ந்தான்.

நீங்கள் போடுவதற்கு முன்பே அங்கே ஏதாவது இருந்தால், அது நான் எழுதினது இல்லை.