பரீட்சைப் பாட்டிலுக்கு ராஜ உபசாரம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா வேலை செய்யும் கிளினிக்குக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் சுட்டது. அக்கா அங்கே நர்ஸ். நான் எழுத்தாளன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறவன்.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘ஒரு துளி ரத்தத்துக்குள் ஒரு பிரபஞ்சமே...’ (சீ!)

‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை...’ (அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘தபாலில் ஒரு பாட்டில் வந்தது.’

இது போதும். பாட்டில் வந்தது உண்மை.

2

அந்தப் பாட்டிலை அனுப்புவது கிளினிக்குகளின் தரத்தைச் சோதிக்கிற ஒரு ஆபீஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கிளினிக்குகளுக்கும் கட்டைவிரல் உயரத்தில் ஒன்று வரும். உள்ளே ரத்தம் மாதிரி ஒரு திரவம். அதில் சர்க்கரை எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நோயாளியின் விரலில் குத்திச் சொட்டு எடுத்துப் பார்க்கிற அதே சின்ன மெஷினில் இதையும் பார்த்து, வந்த எண்ணை ஃபார்மில் எழுதி அனுப்ப வேண்டும். சரியா தப்பா என்று பதில் வரும். மெஷினுக்குப் பரீட்சை, அவ்வளவுதான்.

பரீட்சை என்றால் எங்கள் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கை கால் ஓடாது. முதல் நாளே நாலு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பாள். பாட்டில் வந்தாலும் அதே கூத்துதான். மெஷினைத் துடைப்பாள், புது பேட்டரி போடுவாள், புது ஸ்ட்ரிப் டப்பாவை உடைப்பாள், மூன்று தடவை பார்ப்பாள். மாப்பிள்ளைக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படியொரு உபசாரம் நடந்ததில்லை. இரண்டு வருடமாக முழு மதிப்பெண். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஸ்ட்ரிப் என்பது ரத்தச் சொட்டை உறிஞ்சுகிற சின்னப் பட்டை. ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். ஒன்றை எடுத்தவுடன் டப்பாவை மூட வேண்டும். வாரத்துக்கு அறுபது பேர் வந்தால் யாருக்குக் கை ஒழிகிறது? நோயாளிகளுக்கான டப்பா நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதை ஒட்டினாற்போல் டீ போடுகிற கெட்டில் புஸ்புஸ்ஸென்று ஆவி விடும். எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கெட்டிலை ஆசையாக வாங்கிக் கொடுத்த உத்தமன் நான்.]

3

கதைக்கு ஒரு நோயாளி வேண்டுமே. ஒரு தையல்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். வாராவாரம் விரலை நீட்டுவார். மெஷின் 138 என்னும், 140 என்னும். “பிரமாதம்” என்று டாக்டர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்குவார். தையல்காரர் சந்தோஷத்தில் இரண்டு துண்டு கேக் சாப்பிடுவார். ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். குதிகால் புண் மட்டும் ஆறவே ஆறாது.

இதுவரை எழுதியதை அக்காவிடம் காட்டினேன்.

“யார்டா இந்தத் தையல்காரர்?”

“கற்பனைக்கா.”

“கற்பனைக்கு எதுக்குடா உன் குதிகால் புண்ணு?”

(இந்த இடத்தில் கதைசொல்லி தலையைச் சொறிகிறான்.)

சரி. தையல்காரரை அடித்துவிடுகிறேன். பாவம், ஊசி நூலை எடுத்துக்கொண்டு வேறு யார் கதைக்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் குடித்தது நான். பாதி மாத்திரை விழுங்கியது நான். கேக்கும் நான்தான், அதிலும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

4

இந்தத் தடவை பாட்டில் வந்த அன்று புது ஸ்ட்ரிப் டப்பா கையிருப்பில் இல்லை. ஃபார்ம் ஐந்து மணித் தபாலில் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் அக்கா திறந்து கிடந்த டப்பாவிலிருந்தே ஒன்றை உருவினாள்.

142. மறுபடி பார்த்தாள். 139. இன்னொரு தடவை. 142.

மூன்று மணிக்குப் புது டப்பா வந்து சேர்ந்தது. அதே பாட்டில், அதே மெஷின். 236.

“ஒரே பாட்டில்தானே?” என்றேன்.

“ஒரே பாட்டில்தான்.” புது ஊசி ஒன்றை எடுத்தாள். “விரலை நீட்டு.”

நீட்டினேன். பழைய ஸ்ட்ரிப்பில் என் சர்க்கரை 138. புது ஸ்ட்ரிப்பில் 231.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “பாட்டிலுக்குப் புது டப்பா, ஜனங்களுக்குப் பழசு. நான் இத்தனை நாளா பரீட்சைக்கு அனுப்பினது இங்க நடக்கறதையே இல்லடா.”

236 என்று எழுதினால் முழு மதிப்பெண். அது பொய்கூட இல்லை, மெஷின் காட்டிய எண்தான். 142 என்று எழுதினால் தோல்வி. மெஷினைப் பூட்டுவார்கள், விசாரணை வரும். அறுபது பேரையும் கூப்பிட்டு, எட்டு மாதமாக நான் சொன்ன எண்களை நம்பாதீர்கள் என்று அவளே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவளை நம்பி யார் விரலை நீட்டுவார்கள்?

5

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன.

அ) 236 என்று எழுதுகிறாள். கெட்டிலை ஜன்னலோரம் மாற்றுகிறாள். இனிமேல் எல்லாம் சுபம். (அந்தப் பாதி மாத்திரைகள்? அதற்குள் கதை முடிந்துவிடும். கதையில் இது ஒரு வசதி.)

ஆ) 142 என்று எழுதுகிறாள். விஷயம் தெரிந்த நோயாளிகள் கண்ணீர் மல்கக் கை தட்டுகிறார்கள். (எந்த ஊரில்? கிழி கிழியென்று கிழிப்பார்கள்.)

இ) இரண்டையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு...

“ஃபார்ம்ல கட்டம் ஒண்ணுதான்டா இருக்கு,” என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே. “இதென்ன உன் கதையா, இஷ்டத்துக்கு அடிச்சு அடிச்சு எழுத?”

6

ஐந்துக்குப் பத்து நிமிடம். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீயா இருந்தா என்ன எழுதுவே?”

மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி இதுவரை நாற்பது கதை எழுதியவன் நான். யோசிக்கவே இல்லை. “236 போட்டுடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் சொன்னேன். எனக்கு அவள் அவமானப்படக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டு போட்ட என் குதிகாலைப் பார்த்தாள். பிறகு கையால் மறைத்துக்கொண்டு எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டினாள்.

“என்ன எழுதினே?”

“சொல்ல மாட்டேன். நீ உடனே அதைக் கதையில போடுவே. படிக்கிறவங்க அதைப் பார்த்துக் காப்பி அடிப்பாங்க.”

தபால்காரர் வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார். அக்கா நோயாளிகள் பதிவேட்டைத் திறந்தாள். போனை எடுத்து, விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு எண்ணை அழுத்தினாள். என் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

“எதிர்லதானேக்கா இருக்கேன். நேரா சொல்லேன்.”

“எல்லாருக்கும் சொல்ற மாதிரிதான் உனக்கும். எடு.”

எடுத்தேன். “வணக்கம், கிளினிக்லேருந்து நர்ஸ் பேசறேன்,” என்றாள், யாரோ ஒரு அந்நியனிடம் பேசுவது போல. அடுத்த வாக்கியத்தை அவள் எப்படிச் சொன்னாள் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அறுபது பேரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிவிடுங்கள்.

“......................................................”