புகை படுத்துக் கிடக்கும் நேரம்

டிசம்பர் பிறந்தால் கவுஸுக்கு இருமல் வந்துவிடும். ஹோலி முடிந்த பிறகுதான் போகும். "புனே குளிரு அப்படித்தான், நெஞ்சில போய் உக்காந்துக்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். புனேயின் போபோடிப் பகுதியில் அவருக்குப் பைகள் விற்கிற கடை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பை, ஊருக்குத் தூக்கிப்போகிற பெரிய பை எல்லாம் கடையின் பின்பக்கத்திலேயே தைத்து முன்பக்கத்தில் விற்பார்.

இந்த வருஷம் இருமலோடு இரைப்பும் சேர்ந்துகொண்டது. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஊதச் சொல்லிப் பார்த்து, இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்தார். தினமும் நடக்கவும் சொன்னார். கவுஸ் சொன்னதைச் செய்கிற மனிதர். விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரச் சாலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வருவது, படியேறும்போது கேட்கிற இருமலிலேயே வீட்டுக்குள் தெரிந்துவிடும்.

அவர் மனைவி சைனபுக்கு அதுதான் பிடிபடவில்லை. மிக்ஸி நின்றுபோனால் ரிப்பேர்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால் தானே திருப்புளி எடுத்துக் கழற்றிப் பார்க்கிறவள் அவள்.

"நடந்தா நல்லாவும்னுதான சொன்னாங்க? உங்களுக்கு நடந்துட்டு வந்தாத்தான் கூடுது. அது எப்படிங்க?"

"வயசாவுது. வேற என்ன?"

"நேத்து நீங்க போகலியே. நேத்து வயசாவலியா?"

கவுஸ் டீயை ஊதினார்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனதும், ஊறவைத்த துணிகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு சைனபு மொட்டை மாடிக்குப் போனாள். வழக்கமாக அவள் வெயில் ஏறிய பிறகுதான் துணி காயப்போடுவாள். அவ்வளவு காலையில் மேலே வந்ததே இல்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தவள் துணியை மறந்து நின்றாள்.

நெடுஞ்சாலையின் மெட்ரோ தூண்களுக்குக் கால் இல்லை. பாதிக்கு மேல் பளிச்சென்று தெரிந்தன. பாதிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ படுத்துக் கிடந்தது. பனி என்றுதான் முதலில் நினைத்தாள். எதிர்க் கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் மூட்டியிருந்த நெருப்பிலிருந்து புகை கொஞ்ச தூரம் எழும்பி, தலை எதிலோ இடித்ததுபோல மடங்கி, பக்கவாட்டில் பரவி, அந்தச் சாம்பலோடு கலந்தது. மேலே வரவே இல்லை.

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மாடியில் வாடை இல்லை. கீழே இறங்கித் தெருவில் நின்று மறுபடி உறிஞ்சினாள். தொண்டையில் போய்க் கரித்தது. திரும்ப மேலே ஏறினாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரி கதவைத் திறந்து, என்ன தொலைந்துபோச்சு என்று கேட்டாள்.

சாயங்காலம், தெரு கூட்டுகிறவர்கள் இலைக் குப்பைக்கு நெருப்பு வைத்தபோதும் சைனபு மாடியில்தான் இருந்தாள். இப்போது புகை நேராக எழுந்து, மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே போய்க் காணாமல் போனது.

அடுத்த நாள் கவுஸ் கிளம்பும்போது அவள் வழி மறித்தாள். "இன்னைக்கு ஆத்துப் பக்கம் வேண்டாம். என்கூட மேல வாங்க."

"எதுக்கு?"

"மோந்து பாக்க."

மாடிக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கினார்கள். முதல் மாடிக்கு வந்ததும் கவுஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா நான் தெனம் நடக்கேன்?"

"இதுக்குள்ளதான். அதுவும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கிட்டு. சரி, எரியிறது என்னன்னு பாப்போம், வாங்க."

வாட்ச்மேன் காம்ப்ளே நெருப்பின் முன்னால் குந்தியிருந்தார். மெல்லிய ஸ்வெட்டர், தலையில் துண்டு. அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து சலாம் வைத்தார். விறகு எங்கே கிடைக்கிறது என்று சைனபு ஹிந்தியில் கேட்டாள்.

"விறகு ஏது அண்ணி? நம்ம சேட் கடை மால்தான்" என்று அவர் கவுஸைக் காட்டிவிட்டு, பக்கத்திலிருந்த சாக்கையும் காட்டிச் சிரித்தார். "கடைக்குப் பின்னால போடுறாங்கல்ல. டக்குனு பிடிச்சுக்கும். நல்ல சூடு."

சாக்கில் ரெக்ஸின் துண்டுகளும் ஸ்பாஞ்சும் இருந்தன. நீலம், கறுப்பு, பள்ளிப் பைக்குப் போட்ட சிவப்பு. கவுஸ் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தான் எதையோ திருடிவிட்டதாக நினைத்துக்கொண்டு காம்ப்ளே சாக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"ஐயோ, உங்க மேல தப்பு இல்ல" என்று கவுஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எரிக்காதீங்க. உங்க நெஞ்சுக்கும் ஆகாது."

"குளிருதே, சேட்."

அன்றைக்கே கவுஸ் கடைத் துண்டுகளையெல்லாம் கட்டி, பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலா எடுத்துப்போக ஏற்பாடு செய்தார். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, காது வரைக்கும் காலர் ஏறுகிற ஒரு கோட்டைத் தானே மெஷினில் உட்கார்ந்து தைத்து, காம்ப்ளேயிடம் கொடுத்தார். காம்ப்ளே அதைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் அவ்வப்போது காய்ந்த சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டத்தான் செய்தார். ஆற்றங்கரை நெடுக இன்னும் எத்தனையோ நெருப்புகள் எரிந்தன.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது சைனபு புகையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். ராத்திரி தரை குளிர்ந்துபோவதால் கீழே கனத்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது, வெயில் ஏறித் தரை சுட்ட பிறகுதான் மூடி திறக்கும் என்று அவர் கையை விரித்துக் காட்டினார். "நடக்கச் சொன்னேன், எப்போன்னு சொல்லல பாருங்க. சாயங்காலம் நடக்கட்டும். மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்."

சாயங்காலம்தான் கடையில் கூட்டம். "அப்ப கடைய யாரு பாக்க?" என்று கவுஸ் இழுத்தார்.

"ஏன், நான் இல்லையா?"

இப்படித்தான் சைனபு கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். பை வாங்க வருகிறவர்களிடம், அதில் என்ன வைக்கப்போகிறார்கள், எவ்வளவு தூரம் தூக்கப்போகிறார்கள் என்று விசாரித்தாள். கேட்டுவிட்டு, கையில் எடுத்த பையை வாங்கிவைத்து வேறொன்றைக் கொடுத்தாள். அவர்களும் மறுக்காமல் வாங்கிப் போனார்கள்.

ஜனவரி பாதியில் ஒரு சாயங்காலம் கவுஸ் நடந்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். இருமல் அடியோடு போய்விடவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் நிற்காமல் முழு வாக்கியம் சொல்ல முடிந்தது.

"ஆத்துக்கு அந்தக் கரையில கொக்கு கூட்டமா உக்காந்திருக்கு, பாத்துக்க. காலைல இத்தன நாளா போயிருக்கேன், ஒண்ணு கூடக் கண்ணுல பட்டதில்ல."

"அந்தத் தண்ணியில மீன் இருக்கா என்ன?"

"தெரியல."

"கேட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"யார்ட்ட? கொக்குட்டயா?" என்று கவுஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறாமல் சிரிப்பாகவே முடிந்தது. "ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு நீயே வந்து பாரு."