கிரைண்டர் போட்ட வீடு

டொக்டர் றஜிதா அந்தக் கேள்வியைக் கேட்டது இது மூன்றாவது தடவை. "சின்ன வயசில வீட்டில ஏதும் நடந்ததோ அம்மா? அடி, பயம், அப்பிடி ஏதும்?"

"ஒண்டும் இல்ல டொக்டர். செல்லமா வளத்த புள்ள," என்றேன். கூசாமல் பொய் சொல்ல நன்றாகப் பழகியிருந்தேன்.

மகன் ஸிபான் பக்கத்துக் கதிரையில் தலை குனிந்திருந்தான். இருபத்துமூன்று வயது. ஒன்றரை வருடமாக அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. ஜின் என்றோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம், நூல் கட்டினோம், கட்டுகஸ்தோட்டையில் ஓதிப் பார்ப்பவர்களின் வீடுகளில் நான் ஏறாத படி இல்லை. அவன் சாப்பாட்டையும் விட்ட பிறகுதான் கண்டிக்கு, இந்தக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு என்ன கேடு? அவனுடைய வாப்பா, என் கணவர், மௌத்தாகி அடக்கி நான்கு வருடம். மௌத்தானவரின் குறையைப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மறைக்க என் குறையும் இருந்தது.

டொக்டர் அவன் பக்கம் திரும்பினார். "எந்த நேரம் அந்தக் குரல் கூடக் கேக்கும் தம்பி?"

"உம்மா கிரைண்டர் போடக்குள்ள."

அந்த நாட்களில் அவனை அடிக்க அவனுடைய வாப்பா பெல்ட்டைக் கழற்றினால் நான் குசினிக்குள் போய் கிரைண்டரைப் போடுவேன். அரைக்க ஒன்றும் இருக்காது, வெறும் ஜார்தான் ஓடும். பிள்ளை கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் மானம் போய்விடுமே! அவனுடைய ஆறு வயதில் தொடங்கி பதினான்கு வரைக்கும் இப்படி மானத்தைக் காப்பாற்றிய கெட்டிக்காரி நான்.

"டொக்டர், நான் சொன்னது பொய். வாப்பா பெல்ட்டால அடிப்பார். நான் தடுக்கல்ல. வெளிய கேக்காம ஈக்க கிரைண்டர போட்டுட்டு நிண்டதுதான் நான் செஞ்சது."

டொக்டர் பேனையை வைத்தார். "அதாலதான் இந்தக் குரல் கேக்கிற வருத்தம் எண்டு முடிவாச் சொல்லேலாது அம்மா. ஆனா ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்."

முதலே. எத்தனை வருடங்களுக்கு முதலே!

ஸிபான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் என் முகத்தைப் பார்த்து மாதக் கணக்காகிறது.

"அப்ப நான் ஒங்களக் கூப்புட்டது கேட்டதா உம்மா? அந்தச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல்லண்டுதானே நான் நெனச்சீந்த."

இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"கேட்டிச்சி மகன். ஒவ்வொரு நாளும் கேட்டிச்சி."