முணுமுணுக்கும் கைகள்

அந்த வீட்டில் கோபம் வந்தால் கதவை அறையலாம், சாப்பிடாமல் எழுந்து போகலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஒன்று மட்டும் கூடாது. பேசிக்கொண்டிருப்பவரின் கையைப் பிடிக்கக் கூடாது. மூத்தவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசுவான். அவன் கையைப் பிடிப்பது இன்னொருவர் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்று அம்மா போட்ட சட்டம் அது.

இளையவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றார்கள். வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே அண்ணனிடம் கைப்பேச்சு பழகியவள், வளர்ந்ததும் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். கல்லூரி வகுப்புகளிலும் கூட்டங்களிலும் பேசுபவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் வாயில் வருவதைத் தன் கையில் காட்டுவாள். அவளைவிடத் தேர்ந்த சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஊரில் இரண்டே பேர்தான் என்று அண்ணன் சொல்வான். அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டான்.

அப்படிப்பட்ட கைகளுக்கு எதிரி வெளியிலிருந்து வரவில்லை. பதின்மூன்று வயதில் வளரத் தொடங்கிய மார்பு, நிற்க மறந்துவிட்டதுபோல வளர்ந்தது. உள்ளாடையின் பட்டை இரண்டு தோள்களிலும் பள்ளம் பறித்திருந்தது. வெயில் ஏறினால் மார்புக்கு அடியில் தோல் புண்ணாகும். முப்பது வயதிலேயே, பெட்டி சுமந்து பிழைத்தவள்போல முதுகு கூனியது. கைப்பேச்சு நடப்பது நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் காற்றில். காது கேட்காதவர்கள் அவள் முகத்தையும் விரல்களையும் பார்ப்பார்கள். காது கேட்பவர்களில் சிலர் விரல்களைப் பார்க்கும் சாக்கில் வேறெங்கோ பார்ப்பார்கள். தளர்வான கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று ஒரு மண்ணியல் வகுப்பில் வந்தது.

பாறைகள் எப்படி அடுக்கடுக்காகப் படிகின்றன என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கைகளில் பாறை படிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த காது கேட்காத மாணவி கையைத் தூக்கினாள்.

"கொஞ்சம் மேல காட்டுங்க. தெரியல."

மேலே கொண்டுபோனாள். சிறிது நேரத்தில் கைகள் தாமாகவே இறங்கின. தோளிலிருந்து ஒரு எரிச்சல் முழங்கை வழியாக ஓடி, வலக்கையின் கடைசி இரண்டு விரல்களில் போய் அணைந்தது. அந்த மாணவி மறுபடி கையைத் தூக்கினாள். கோபம் இல்லை, கவலைதான்.

"அக்கா, உங்க சுண்டுவிரலக் காணோம்."

குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து நிற்க வேண்டிய விரல் வளைந்து தொங்கியது. நிமிர்த்தி வைத்திருப்பதாகத்தான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ள வந்திருந்த கூட்டாளி, இரட்டைப் பிள்ளைகளின் தாய், முறை வருவதற்கு முன்பே எழுந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் சொன்னாள்: "இத நீ இன்னும் எத்தனை நாளைக்கு மறைச்சு வச்சுக்குவ? போய் டாக்டரப் பாருடி."

டாக்டர்கள் பார்த்தார்கள். கழுத்தைப் படம் எடுத்தார்கள், நரம்பைச் சோதித்தார்கள். கடைசியில் மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்யும் பெண் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா கையில் இருந்த பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "ஊர்ல அவளவ இல்லையேன்னு ஏங்கறா. உனக்கு இருக்கறது பாரமாப் போச்சா? நல்லா இருக்கற உடம்புல யாராவது கத்தி வைப்பாங்களா? நாளைக்கே ஒரு கொழந்தை பொறந்தா என்ன செய்வ?"

"நல்லா இல்லம்மா. அதனாலதான்."

"நான் வர மாட்டேன்."

அதனால் அண்ணன் வந்தான். கண்ணாடிப் பட்டறையில் கண்ணாடி வெட்டுகிறவன். வேலை உடுப்போடேயே வந்து மருத்துவருக்கு எதிரில் உட்கார்ந்தான். மருத்துவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்து விளக்கத் தொடங்கினார். எங்கே வெட்டுவார்கள், எதை எடுப்பார்கள், மிச்சத்தை எப்படித் தூக்கிக் கட்டுவார்கள், காம்பை எங்கே இடம் மாற்றி வைப்பார்கள். பாப்பாவின் கைகளுக்கு வேறு பழக்கமில்லை. யாராவது பேச, பக்கத்தில் அண்ணன் இருந்தால், அவை தாமாக எழுந்துவிடும். மருத்துவர் சொல்லச் சொல்ல ஒன்று விடாமல் அவனுக்கு மொழிபெயர்த்தாள். அவன் முதலில் மேசையைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான், கடைசியில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்காதவன் கண்ணைத் திருப்பினால் காதைப் பொத்திக்கொண்டதாக அர்த்தம்.

அவள் தோளைத் தட்டினாள்.

"இதெல்லாம் எனக்குச் சொல்லணும்னு யார் கேட்டா?" என்றான் அவன். முகம் காது வரை சிவந்திருந்தது.

மருத்துவருக்குச் சைகை தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். பாப்பா கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வாயால் மட்டும் கேட்டாள். "விரல் சரியாயிடுமா?"

"வாக்குக் குடுக்க மாட்டேன். பாரம் குறைஞ்சதும் நிறைய பேருக்குச் சரியாயிருக்கு, சிலருக்கு அப்படியே இருந்திருக்கு. பால் குடுக்கறதும் அப்படித்தான், முடியலாம், முடியாமலும் போகலாம். காம்புல உணர்ச்சி குறையலாம். தழும்பு கட்டாயம் இருக்கும். கொஞ்ச வாரம் கையத் தூக்கவே கூடாது. எல்லாத்தையும் யோசிச்சுட்டு வாங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று ஒரு மருத்துவர் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கையில் உடம்பை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் வெளியே வந்து தெருவில் நடக்கும்போது சாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா. வேலை. "கையத் தூக்க முடியாம நான் படுத்துட்டா, உனக்கு யாரு பேசுவா?" என்றாள்.

அண்ணன் நடைபாதையிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போன மாசம் முதலாளியோட மல்லுக்கட்டி ஜன்னலோரத்து மேசைய வாங்கினேனே, நீயா வந்து பேசின? என்னைச் சாக்கா வைக்காத. பயமா இருக்குன்னு சொல்லு."

"பயமா இருக்கு," என்றாள் அவள், நெஞ்சுக்கு அருகிலேயே, பிறர் பார்க்காத அளவுக்கு.

"சரி. பயந்துக்கிட்டே போவோம்."

அறுவை சிகிச்சை அன்று மருத்துவர் அவளை நிற்க வைத்து, நீல மையால் மார்பெங்கும் கோடு போட்டார். கண்ணாடியில் பார்த்தபோது ஏதோ தெரியாத நாட்டின் வரைபடம் போலிருந்தது. மயக்க மருந்து ஏறும்போது அந்த நாட்டில் ஆறுகள் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

விழித்தபோது அரைகுறையாகக் குரல்கள் கேட்டன. மருத்துவர் கட்டில் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் அண்ணன். வர மாட்டேன் என்ற அம்மாவும் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பேச்சு நடக்கிறது, பக்கத்தில் அண்ணன் இருக்கிறான். அவளுக்கு அது போதும். கட்டு, தையல், தான் யார் என்பது எல்லாம் மறந்து இரண்டு கைகளும் எழுந்தன. நெஞ்சின் குறுக்கே நெருப்பு இழுத்தது.

அண்ணன் பாய்ந்து வந்து அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் படுக்கையோடு சேர்த்துப் பிடித்தான்.

"டேய், கையைப் பிடிக்காத," என்றாள் அம்மா. பழக்கதோஷம். அவனுக்குக் கேட்காது என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

அவன் விடவில்லை. பிடித்தபடியே மருத்துவரை நோக்கித் தலையை ஆட்டினான்: நீங்கள் சொல்லுங்கள். மருத்துவர் அவனுக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, வாயை நன்றாக அசைத்துச் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவன் புரிந்துகொண்டான். அவள் இல்லாமலேயே. அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நெஞ்சில் கட்டு இறுக்கியிருந்தும், மூச்சு தங்குதடையின்றி அடிவரை போய்வந்தது. முன்பெல்லாம் மல்லாந்து படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். இப்போது அங்கே யாரும் இல்லை.

"எவ்வளவு எடுத்தீங்க?" என்று அம்மா மருத்துவரிடம் கேட்டாள்.

"ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு."

"அதை எங்க வச்சிருக்கீங்க?"

"பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். ஊருக்குப் போன ஆள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிப்பவள்போல, மறுநாளும் அதைப் பற்றிக் கேட்டாள்.

வீட்டில் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்துதான் தூக்கம். முன்பக்கம் கொக்கி வைத்த மருத்துவ உள்ளாடையை இரவும் பகலும் கழற்றக் கூடாது. நீலமும் ஊதாவுமாகக் கன்றிப்போயிருந்த தோல் பச்சையாகி, பிறகு மஞ்சளாகித் தெளிந்தது. காரணமே இல்லாமல் ஒரு மத்தியானம் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். தையல்கள் சந்திக்கும் மூலையில் சின்னதாக ஒரு புண் திறந்துகொண்டது. அவள் வெலவெலத்துப் போனாள். மருத்துவர் அதைப் பார்த்து, "இந்த மூலை எப்பவும் கொஞ்சம் அடம் பிடிக்கும்," என்று மருந்து வைத்துக் கட்டிவிட்டார். அது அடம் பிடித்து மெல்ல மூடியது. தழும்பு நங்கூரத்தைப் போலிருந்தது. தொட்டால் ஒரு பக்கம் உணர்ச்சி இருந்தது, மறுபக்கம் பஞ்சைத் தொடுவதுபோல இருந்தது.

கை தூக்கக் கூடாது என்பதால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பேசினாள்.

"முணுமுணுக்காத," என்பான் அண்ணன். "சத்தமாப் பேசு."

விடுமுறை நாளில் அவன் அவள் தலையை அலசிவிட்டான். முகம் கழுவும் தொட்டிக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு, கழுத்துக்குத் துண்டை மடித்து வைத்தான். அவன் கைகள் அவள் கூந்தலில். அவள் கைகள் மடியில். இரண்டு பேருக்கும் பேச வழியில்லை. அவர்களுக்குள் இப்படி ஒரு மௌனம் அதுவரை வந்ததே கிடையாது. தண்ணீர் சூடா என்று கேட்க நெற்றியில் ஒரு விரலால் தட்டினான். போதும் என்று அவள் கண்ணை மூடித் திறந்தாள். கண்ணாடி கீறிக் கீறித் தடித்துப்போன விரல்கள், கண்ணாடியைத் தொடுவதைவிட மெதுவாக அவள் தலையைத் தொட்டன. நன்றி சொல்லக் கையில்லாமல், அவள் அவன் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டு பிரித்துச் சட்டை போட அம்மாதான் உதவுவாள். ஒருநாள் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "குனிஞ்சு பாத்தா கால் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எனக்கு உன் வயசுல இருந்தே தெரியல," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சோப்புத் தீர்ந்துவிட்டது என்று வேறு பேச்சுக்குத் தாவினாள். பாப்பா அம்மாவின் தோளில் கை வைத்தாள். துணிக்கு அடியில் அதே பள்ளம்.

எல்லாம் ஆறியது, விரல் மட்டும் எழவில்லை. விழித்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். வளைந்தே கிடந்தது. கல்லூரிக்கு எப்போது திரும்பி வருவாய் என்று கூட்டாளி விசாரித்துக்கொண்டே இருந்தாள். இனிமேல் தூக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு கை எழுந்தது, விரல் எழவில்லை. விரலுக்காகச் செய்யவில்லை, மூச்சுக்காகவும் முதுகுக்காகவும் செய்தேன், அதுவே பெரிது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது உண்மையும்தான். முழு உண்மை இல்லை.

பிறகு ஒரு காலை, அண்ணன் அவளுடைய கறுப்பு வேலைச்சட்டையை எடுத்துப் பட்டறையில் கண்ணாடித் தூள் துடைத்திருந்தான். பழைய அளவுச் சட்டைதானே, இனி உனக்குத் தொளதொளவென்றுதானே இருக்கும் என்று சமாதானம் வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படியில் நின்று, தோளுக்கு மேல், தலைக்கு மேல், இரண்டு கையையும் வீசி விளாசினாள். அறிவில்லாதவன், கேட்காமல் எடுக்கிறவன், கெட்டவன், மகா கெட்டவன். அவனும் பதிலுக்குத் திட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நில்லு. கடைசியாச் சொன்னத மறுபடி சொல்லு."

"எத?"

"திட்டினியே. அந்தக் கெட்டவன். மறுபடி திட்டு."

கெட்டவன் என்பதற்கு அவர்கள் கைப்பேச்சில் சுண்டுவிரலை நிமிர்த்தி எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும். அவள் நீட்டினாள். விரல் லேசாக நடுங்கியது. ஆனால் நின்றது.

அண்ணன் ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவளை முன்னால் நிறுத்தி, பாப்பாவைப் பார்த்து, "ம், திட்டு," என்றான்.

"காலங்காத்தால என்னடா கூத்து இது," என்றாள் அம்மா. பிறகு மகளின் விரலைப் பார்த்தாள். பார்த்ததும் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பா அண்ணனைப் பார்த்து, கண் நிறைய நீரோடு, மகா கெட்டவன் என்று மறுபடியும் சொன்னாள். நிதானமாக, கை நிறைய.